சாம்பல் பூசிய கொலு

பதினெட்டு வயது வரைக்கும் எனக்கு நிறம் என்றால் பாட்டிலுக்குள் இருப்பதுதான். ஒரு மூடியைத் திறந்தால் சிவப்பு, இன்னொன்றைத் திறந்தால் பச்சை. எடுத்து அப்படியே பூசிவிடுவேன். ஒன்றோடு ஒன்று கலப்பதை, பாலில் தண்ணீர் ஊற்றுவது போல ஏதோ ஏமாற்று வேலை என்றே நினைத்திருந்தேன். மைசூரில் வளர்ந்தவள் வேறு எப்படி நினைப்பாள்? மார்க்கெட்டுக்குப் போனால் குங்குமத்தைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்பார்கள். சிவப்பு, ஊதா, மஞ்சள், கிளிப்பச்சை என்று ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கும். தசரா வந்தால் அரண்மனை முழுக்க விளக்கு. என் அம்மாவுக்கு அதெல்லாம் உயிர். பளிச்சென்று இருந்தால்தான் அவளுக்கு அது நிறம், மற்றதெல்லாம் அழுக்கு.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. வேலூர்ப் பக்கத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்து, ரயில்வே குவார்ட்டர்ஸில் ஊன்றிவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், சண்டை வந்தால் இரண்டும். மாநிலத்தின் பெயரை மாற்றி, ஊரெல்லாம் பலகைகளைச் சுரண்டிக் கர்நாடகா என்று புதிதாக எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஏணிமேல் நின்று எழுதுகிறவர்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கும் வர்ணத்தில்தான் பிழைப்பு என்று அப்போதே முடிவு செய்தாகிவிட்டது. வீட்டில்தான் யாருக்கும் தெரியாது.

ஊரில் ஓர் ஓவியப் பள்ளி இருந்தது. பி.யூ.சி. முடித்த கையோடு, என் படங்களிலேயே சிறந்தது என்று நான் நம்பிய ஒன்றைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனேன். கிணற்றடியில் ஒரு பெண் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறாள். புடவை ஆரஞ்சு, கிணறு ஊதா, புல் கிளிப்பச்சை, வானம் இங்க் நீலம். சேர்க்கையைக் கவனித்த ஆசிரியர் ஒடிசலான மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏனம்மா இது? ஜாத்ரெ நடீதா இதெயா?" என்றார். திருவிழா ஏதாவது நடக்கிறதா என்று கேட்கிறார்.

படத்துக்கு நான் வைத்திருந்த பெயர் 'தனிமை'.

அதைச் சொன்னதும் அவர் சிரித்தார் பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் நல்ல மனிதர். படத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், நான் யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டார். தசரா விடுமுறை முடிந்ததும், நிறங்களைக் கொஞ்சம் அடக்கி ஒரே ஒரு படம் போட்டுக் கொண்டு வா, ஓர் இடம் காலியாக இருக்கிறது, அதற்குப் பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். எப்படி அடக்குவது என்று சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு ரோஷம் விடவில்லை.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். அப்பா, "அம்மா சரின்னா எனக்கும் சரி" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மா யோசிக்கவே இல்லை.

"தசரா முடியட்டும். அவரு சேத்துக்கிட்டா போ. இல்லேன்னா மறுநாளே டைப்ரைட்டிங் கிளாஸ். அப்புறம் வர்ணம் கிர்ணம்னு வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? எங்கள் தெருவில் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வேறு எதற்கும் போனதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த லட்சணத்தில் கொலு வேலையும் என் தலையில் விழுந்தது. அந்த வருஷ மழையில் ஓட்டுக் கூரை ஒழுகி, பரண்மேல் இருந்த ட்ரங்குப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. பொம்மைகள் தப்பித்தன, வர்ணம்தான் போயிற்று. சுற்றி வைத்திருந்த கன்னடப் பத்திரிகை ராமர் மார்பில் ஒட்டிக்கொண்டு, உரித்து எடுத்தபோது எழுத்தெல்லாம் அவர்மேல் இறங்கிவிட்டது. கண்ணாடி முன்னால் வைத்தால் வாசிக்கலாம். செட்டியாரின் மீசை வயிற்றுக்கு வழிந்திருந்தது. புதுப் பொம்மை வாங்கலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. தாலி கட்டிக்கொண்டு வந்த வருஷம் கூடவே வந்த பொம்மைகள், என் மகளே வர்ணம் பூசட்டும் என்றாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மைக்கு மறுவர்ணம் பூசினால் கண்ணைக் கடைசியில்தான் எழுத வேண்டும். கண் எழுதும்வரை வீட்டுப் பெண்மணி அந்தப் பொம்மைகளைப் பார்க்கக் கூடாது. அமாவாசை அன்று காலை கண் திறந்த பிறகு அவள் வந்து துணியை விலக்கி முதலில் பார்ப்பாள். ஆகவே பின்பக்கத்துச் சாமான் அறை மூன்று வாரத்துக்கு எனக்கே என்று ஆயிற்று. அம்மா அந்தப் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, "சாப்பிட வா" என்பாள்.

இந்த வழக்கம் மட்டும் இல்லாவிட்டால் முதல் நாளே முதுகில் இரண்டு வைத்து நிறுத்தியிருப்பாள்.

முதலில் ஆண்டாள் கையிலிருந்த கிளிக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தேன். மோர் கடைந்து கொடு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. போய்விட்டுத் திரும்பி வந்து, தூரிகையைக் கழுவ மறந்து, பச்சையோடு சிவப்புப் பாட்டிலில் முக்கிவிட்டேன். ஐயோ என்று எடுத்துத் தட்டில் தேய்த்தேன். தேய்த்த இடத்தில் ஒரு சிவப்பு வந்தது. அதை எப்படிச் சொல்ல? சிவப்புதான், ஆனால் கத்தாத சிவப்பு. எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்து, தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தலைக்கு மேலே கூரையில், மழை பெய்து ஓய்ந்த ஓடு அதே நிறத்தில் இருந்தது. அச்சு அசல்! பதினெட்டு வருஷமாக அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்திருக்கிறேன், ஒரு நாளும் அதைச் சரியாகப் பார்த்ததில்லை.

அவ்வளவுதான், பித்துப் பிடித்தது. சிவப்புக்குப் பச்சை பகை என்றால் நீலத்துக்கு எது? ஆரஞ்சு. நீலத்தில் ஒரு சொட்டு ஆரஞ்சு விட்டேன், தூறல் நாளில் சாமுண்டி மலை தெரிகிற நிறம் வந்தது. இன்னும் ஒரு சொட்டு விட்டேன், மலை போய் மேகம் வந்தது. கொஞ்சம் வெள்ளை சேர்த்தேன், ஒர்க்‌ஷாப் புகை. மஞ்சளில் ஊதாவை விட்டேன், உலர்ந்த எலுமிச்சைத் தோல். ஊதாவில் மஞ்சளை விட்டேன், ராகிக் களி! தனியாக நின்று கைதட்டிச் சிரித்தேன். பகையாளிகளை ஒரே பாயில் படுக்க வைத்தால் இரண்டு பேரும் சத்தம் போடாமல் இருக்கிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது. யாராவது சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

அந்த மூன்று வாரமும் நான் மனுஷியாக இல்லை. பஸ்ஸில் கண்டக்டரின் காக்கிச் சட்டையைப் பார்த்து, இதில் ஊதா கொஞ்சம் கூடிவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் தன் சட்டையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தால் இலையில் எல்லாமே கலவை.

"அம்மா, ரசத்துல பச்சை இருக்கு."

"கொத்தமல்லிடி அது."

"அது இல்லம்மா. அந்தச் சிவப்புக்கு உள்ள. அதான் ரசம் அடங்கி இருக்கு. சாம்பார் பாரு, கத்துது."

அம்மா இடது புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவிடம் ராத்திரி தூங்குகிறாளா என்று கேட்டாள்.

தூரிகை கழுவிய தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை. தட்டில் மிஞ்சியதையெல்லாம் வழித்து ஓர் ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து, அறைக்கு வெளியே பின்கட்டில் வைத்தேன். அடியில் படிந்த வண்டல் ஒருவிதச் சாம்பல். எந்த நிறம் கலந்தாலும் அந்த வண்டலில் ஒரு துளி சேர்த்தேன். ராமருக்கும் அதே துளி, செட்டியாருக்கும் அதே துளி. அப்புறம் வரிசையில் வைத்துப் பார்த்தால் எல்லாரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையில் நான் பூமியில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருக்கும்போது, பின்கட்டைக் கழுவ வந்த அம்மா அந்த பாட்டிலை எடுத்துச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டாள்.

"சாக்கடைத் தண்ணியப் போய் பாட்டில்ல புடிச்சு வச்சிருக்கே. கொசு வரும்."

நான் அழுத அழுகையைப் பார்த்து எதிர்வீட்டம்மா ஓடிவந்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் செம்பருத்திச் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். இன்னும் ஒன்பது பொம்மை பாக்கி. குழல் ஊதும் தனிக் கிருஷ்ணர், தசாவதாரத்தில் கடைசி நான்கு பேர், கல்யாண ஊர்வலத்தில் பல்லக்குத் தூக்கிகள். இருந்த எல்லா வர்ணத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலக்கி, பூசி முடித்த பொம்மைகளின் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து, ஒன்றரை நாளில் அந்தச் சாம்பலைத் திரும்பப் பிடித்தேன். முன்பு தானாக வந்தது, இப்போது கையால் செய்தேன். அந்த ஒன்றரை நாளில்தான் எனக்கு இந்தத் தொழில் தெரிய ஆரம்பித்தது என்று இப்போது சொல்வேன். அப்போது அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

வார்னிஷும் பூசவில்லை. மினுமினுப்பு இல்லாவிட்டால்தான் அழகு என்று பட்டது.

அமாவாசை வந்தது. விடியற்காலையில் குளித்து எல்லாருக்கும் கண் எழுதி முடித்தேன். அம்மா தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, கற்பூரத் தட்டோடு வந்தாள். ஒரு கையால் துணியை விலக்கினாள். நான் பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டு வரப்போகிறது என்று உதட்டில் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தேன்.

"அடிப்பாவி," என்றாள் அம்மா. "என்னாடி பண்ணிட்டே! சாமி மேலெல்லாம் சாம்பலப் பூசிட்டியேடி!"

"சாம்பல் இல்லம்மா, அடக்கமா—"

"அனுமாரு பாரு, ஜுரத்துல விழுந்து எழுந்தா மாதிரி நிக்கறாரு. இந்தச் செட்டியாருக்கு என்னா கேடு? கடையில தீப்புடிச்சிடுச்சா? கிருஷ்ணரு நீலமா இருப்பாருடி! இது என்னா நீலம்?"

"கார்மேக வண்ணன்னு நீதானே சொல்வே? மேகம் என்ன இங்க் கலர்லயா இருக்கு? வெளியில போய்ப் பாரு!"

வெளியே நிஜமாகவே மேகமூட்டம். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள், கிருஷ்ணரைப் பார்த்தாள். கோபம் இன்னும் ஏறியது. அப்பா வந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். அதற்கு அவர் பெற்ற பார்வையில் இரண்டாவது காப்பி கேட்காமலே ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்ப வர்ணம் பூச நேரமில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குத் தெரு முழுக்க வெற்றிலை பாக்குக்குச் சொல்லியாகிவிட்டது. கண் திறந்த பொம்மைகளைப் பெட்டியில் மூடினால் அது வேறு அபசகுனம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏழு படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வைக்கும்போதே, "என்னை மன்னிச்சுக்கோ சாமி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்துப் பொம்மைகள். கோபத்தில் வாதாடிய நான், பொம்மைகளை எடுத்து அவள் கையில் கொடுக்க ஆரம்பித்தேன். தப்பு செய்துவிட்டேன் என்று முதல் தடவையாகத் தோன்றியது. கூடவே இன்னொரு பயமும் வந்தது: அடக்குவது என்று நான் கண்டுபிடித்தது இதுதான், இதைத்தான் பள்ளிக்கும் கொண்டுபோகப் போகிறேன், அவரும் இப்படியே சொல்லிவிட்டால்?

முதல் நாள் சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். தெருவே பட்டில் வந்தது. கொலுவைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வித்தியாசமா இருக்கு" என்று ஒருவர் சொன்னார். நல்லதாக ஒன்றும் தோன்றாவிட்டால் எல்லா வீட்டிலும் சொல்கிற சொல். அம்மா சுண்டல் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள். எதிர்வீட்டம்மாவைப் பாடச் சொன்னார்கள். அவர் கிளிப்பச்சையில் மைசூர்ப் பட்டு கட்டியிருந்தார். கொலுவுக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் அறையில் ஒரு சலசலப்பு. அந்தப் பச்சை எரிந்தது! பின்னால் ஏழு படியும் தணிந்து நிற்க, முன்னால் அந்தப் புடவையும், கழுத்துச் சங்கிலியும், தலையில் இருந்த கனகாம்பரமும், அவருடைய மாநிறக் கன்னமும் அப்படியே முன்னால் வந்து நின்றன. அவர் பாட வாயைத் திறந்தவர், எல்லாரும் பார்ப்பதைக் கண்டு தன் முந்தானையைக் குனிந்து பார்த்தார்.

"ஏன்ரீ இது, நன்ன சீரெ ஹொளீதா இதெ!" என்றார். என் புடவை ஜொலிக்கிறதே என்கிறார்.

அவர் இரண்டு பாட்டு பாடினார். அடுத்தவர் நான் பாடுகிறேன் என்று எழுந்தார். அவருக்குப் பாட்டு வராது என்பது தெருவுக்கே தெரியும். மாம்பழ மஞ்சள் புடவை. அதற்கடுத்து மயில் கழுத்து. பாடத் தெரியாதவர்கள் சுலோகம் சொன்னார்கள், சுலோகம் தெரியாதவர்கள் தீபாராதனை காட்டினார்கள். எப்படியாவது ஐந்து நிமிஷம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். உட்காராதவர்கள் எதிரே நின்று, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகருங்கள் என்று யோசனை சொன்னார்கள். எட்டு மணிக்குப் போக வேண்டியவர்கள் ஒன்பதரைக்கும் போகவில்லை, சுண்டல் தீர்ந்து அம்மா அவசரமாக அவல் கிளறினாள்.

நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்றால் அது பொய். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு எனக்கே அப்போதுதான் உறைத்தது. என் 'தனிமை'யில் நான் எதையும் விட்டுவைக்கவில்லை. புல்லும் நீதான், கிணறும் நீதான், வானமும் நீதான் என்று எல்லாவற்றுக்கும் கிரீடம் வைத்திருந்தேன். அடங்கிய நிறம் அடங்கி இருப்பது தனக்காக இல்லை, முன்னால் வந்து உட்காரப் போகிறவருக்காக. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பின்கட்டுக்குப் போய் நிஜமாகவே இரண்டு குதி குதித்துவிட்டு வந்தேன்.

மறுநாள், முதல் நாள் வந்தவர்களே வேறு புடவையில் வந்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து, சொல்லாதவர்களும் வந்தார்கள். அம்மா அனுமாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது நின்றுபோயிற்று. அவள் மட்டும் ஒன்பது நாளும் அதே வெளுத்துப்போன காடா நிறப் பருத்திப் புடவையில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். பளிச்சென்று இருந்தால்தான் நிறம் என்கிற அம்மா அப்படித்தான் எப்போதும் உடுத்துவாள். பளிச்செல்லாம் எனக்கும் பொம்மைகளுக்கும்தான்.

ஆறாம் நாள் மத்தியானம் நான் நூலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கூடத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா கொலுவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு பட்டுப் புடவையைப் பிரித்துப் போட்டிருந்தாள். கையில் அப்பா சவரம் செய்துகொள்கிற கண்ணாடி. அதைத் தூக்கியும் இறக்கியும், தனக்குப் பின்னால் பொம்மைகள் தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் மூன்று புடவைகள் மடிப்புக் கலைந்து கிடந்தன.

நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அம்மா பதறிப்போய்ப் புடவையைச் சுருட்டினாள்.

"சும்னே பாத்தேன்," என்றாள். வெட்கம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும். கொஞ்ச நேரம் புடவைகளை மடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "உன் படத்துக்கு யாரை உக்கார வைக்கப் போறே?"

"யோசிக்கலம்மா."

"எதிர்வீட்டம்மாவா?"

"ஏன், நீ உக்காரேன்."

"போடி. நான் எதுக்கு," என்றாள். அரை நிமிஷம் கழித்து, "எந்தப் புடவை?" என்றாள்.

விஜயதசமி மத்தியானம் ஊரே யானை ஊர்வலம் பார்க்கப் போய்விட்டது. அப்பா ஒர்க்‌ஷாப் சிநேகிதர்களோடு காலையிலேயே இடம் பிடிக்கக் கிளம்பிவிட்டார். எங்கள் தெருவில் நாய்கூட இல்லை. அம்மா தன் கூறைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் அதைக் கட்டி நான் பார்த்ததே இல்லை. குங்குமச் சிவப்பு, இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் ஒரு சாயமும் போகவில்லை. அவள் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்ததும், எடுத்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். அம்மா அழகி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் பார்த்ததில்லை.

"சீக்கிரம் போடு. பால் காச்சணும்."

படிகளையும் பொம்மைகளையும் முதலில் பூசினேன். எல்லாவற்றிலும் அந்தச் சாம்பல். பொம்மைகள் முகம் தெரியாமல், உருவமாக மட்டும் பின்னால் போய் நின்றன. சுவருக்கு ராகிக் களி நிறத்தில் வெள்ளை கலந்து பூசினேன். அந்த நேரத்தில் அரண்மனைப் பக்கமிருந்து பீரங்கி வெடிக்க ஆரம்பித்தது. இருபத்தொரு குண்டு போட்டால் ஊர்வலம் கிளம்புகிறது என்று அர்த்தம். அம்மா அசையாமல் உட்கார்ந்தபடி உதட்டுக்குள் எண்ணினாள்.

"பதிமூணு... பதினாலு..."

"வாய அசைக்காதேம்மா."

"நீ முழு ஊரையும் அங்க அனுப்பிட்டு என்னை இங்க உக்கார வச்சிருக்கே. எண்ணக்கூடக் கூடாதா? பதினஞ்சு."

கடைசியில் புடவைக்கு வந்தேன். புது சிவப்புப் பாட்டிலைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் தூரிகை பச்சைப் பக்கம் போயிற்று. ஒரு சொட்டுத் தொட்டால் போதும், எல்லாவற்றோடும் சேர்ந்துவிடும், சரியாகவும் இருக்கும். அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் சிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சையைத் தொடாமல் சிவப்பை அப்படியே வைத்தேன்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை அம்மாவும் என்னோடு ஓவியப் பள்ளிக்கு வந்தாள். சேர்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பிப் போகிற வழியில் டைப்ரைட்டிங் கிளாஸில் பெயர் கொடுத்துவிட்டு வரலாம் என்று அவளுக்கு ஏற்பாடு. பழையபடி அந்தப் பருத்திப் புடவை. ஆசிரியர் படத்தை மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் புத்தகம் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. படிகளைக் காட்டி, இந்தச் சாம்பலை எங்கே பிடித்தாய் என்று கேட்டார். கழுவிய தண்ணீரில் என்றேன். "பரவாயில்ல," என்றார்.

அப்புறம் விரலை அந்தச் சிவப்பின்மேல் வைத்தார்.

"இதொந்து ஸ்வல்ப ஜாஸ்தி ஆய்து," என்றார். மற்ற எல்லாம் சரி, இது மட்டும் அதிகம். ஒரே ஒரு சொட்டுப் பச்சை சேர்த்து இதையும் கொஞ்சம் அடக்கிவிடு, நாளைக்குக் கொண்டு வா, சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு சொட்டு! அவ்வளவுதானா! "ஆய்து சார், இவத்தே மாட்தீனி," என்று இன்றைக்கே செய்வதாகச் சொல்லிக்கொண்டே படத்தைச் சுருட்டக் கை நீட்டினேன். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் எதைக் கேட்கிறார் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

அம்மா படத்தின்மேல் கையை வைத்தாள்.

"பேட சார்," என்றாள். வேண்டாம் என்கிறாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மாவுக்கு மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் கன்னடம் வரும். பாதிக்குமேல் தமிழிலேயேதான் சொன்னாள்.

"பொம்மையெல்லாம் அடக்கிட்டா. சுவத்த அடக்கிட்டா. எனக்குப் புடிக்கல, இருந்தாலும் சும்னே இருந்தேன். இது நானு சார். இதை அடக்கபேடி."

"அம்மா!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் கட்டினேன். அன்னிக்கும் ஊர்ல ஒருத்தரும் பாக்கல. நான் பெத்த இவ ஒருத்திதான் பாத்தா, பாத்தபடி போட்டா. அதுல போய்ப் பச்சையக் கலக்கணுமா? சீட்டு இல்லேன்னா இல்ல சார். படத்தக் குடுங்க, நாங்க போறோம்."

அந்த மாதிரி அறையில், கோட்டுப் போட்ட ஒரு மனிதர் எதிரில், அவள் அதற்கு முன்னால் வாயைத் திறந்து நான் கண்டதில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, இடம் போகிறதே என்று. அழுகையும் வந்தது. அதே நேரத்தில், என்ன சொல்ல, பெருமையில் தலை சுற்றியது.

அவர் படத்தைப் பார்த்தார். எதிரே வெளுத்த புடவையில் கையைப் படத்தின்மேல் ஊன்றி நிற்கிற பெண்ணைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"இது நீவேனா?" என்றார்.

"நானேதான்."

அவர் விரலைச் சிவப்பிலிருந்து எடுத்தார். இழுப்பறையைத் திறந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்து, என் பக்கம் தள்ளாமல் அம்மாவின் பக்கம் தள்ளினார். பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"இல்லி ஸைன் மாடி," என்றார்.

அவர் காட்டிய இடத்தில் தந்தையின் கையொப்பம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, தன் பெயரைத் தமிழில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.